ஒரு பலம் புழுதி

சென்ற பருவத்தில் உழவு அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, 1037ஆம் குறளில், நிலத்தை நன்றாக உழுது காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறார். அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறார். இரண்டில் எதை எழுதட்டும்?" வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துக்கொண்டே வழக்கமான விடையைச் சொன்னோம். ஒன்று உழவின் சிறப்பைக் கூற வந்தது, மற்றொன்று எருவின் சிறப்பைக் கூற வந்தது. அந்தந்த இடத்தில் அதனதைச் சிறப்பிப்பது புலவர் மரபு, முரண் ஏதுமில்லை. இருபது ஆண்டுகளாக நாம் சொல்லிவரும் விடை இது. மாணவி மறுபேச்சின்றி அமர்ந்துவிட்டாள். விடையில் ஏதோ ஏமாற்று இருப்பதாக நமக்குத்தான் அன்று மாலைவரை உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த உறுத்தலுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1037ஆம் குறள் இப்போது மேடைகளில் மிகவும் புழங்குகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரமில்லா வேளாண்மையைத் தமிழன் கண்டான் என்று தொடங்குவார்கள், கைதட்டல் விழும். நாமும் ஒருமுறை தட்டியிருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை. மண்ணைப் பற்றி எதுவும் தெரியாமலே மண்ணின் பெருமை பேசுவது தமிழ் படித்தவர்களுக்கு எளிதாகக் கைவருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று மனப்பாடமாகச் சொல்வோம். அந்த நிலம் எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் கருப்பொருள் பட்டியலுக்குத் தாவிவிடுவோம். ஆகவே இந்தக் கட்டுரை முதலில் நம்மை நோக்கியே எழுதப்படுகிறது.

பரிமேலழகர் தொடி என்பதைப் பலம் என்றும், கஃசு என்பதைக் காற்பலம் என்றும் கொள்கிறார். ஒரு பலம் புழுதி காற்பலமாகும் அளவுக்குக் காயவேண்டும் என்பது கணக்கு. இதை அப்படியே எடுத்துக்கொண்டு அறிவியல் உண்மை என்று வாதிடுவோர் ஒருநாள் தராசை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். மழை பெய்து நீர் வடிந்த களிமண் 100 கிராம் எடுத்து எவ்வளவுதான் உலர்த்தினாலும் ஏறக்குறைய 70 கிராமுக்குக் கீழே இறங்குவது அரிது. மண்ணின் பெரும்பகுதி கல்லின் பொடி. அது வெயிலில் ஆவியாகாது. எனவே காற்பலம் என்பது மிகை. மிகை என்று ஒப்புக்கொள்வதால் வள்ளுவர் குறைந்துவிட மாட்டார். அந்த மிகைக்கு உள்ளே இருக்கும் அனுபவம்தான் வியப்புக்குரியது.

அது என்ன அனுபவம்? கோடை உழவு செய்து, கட்டி உடைத்து, பங்குனி சித்திரை வெயிலில் நன்றாகக் காய்ந்த நிலத்தில் முதல் மழை விழுந்ததும் முளைக்கும் பயிர் கரும்பச்சையாக எழும்பும் என்பது மானாவாரி உழவர் யாவரும் அறிந்தது. ஏன் என்று ஆராய்ந்தவர்களுள் எச். எஃப். பிர்ச் முக்கியமானவர். கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் மண்ணை உலர்த்தியும் நனைத்தும் பார்த்து, 1958இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உலர்ந்த மண்ணை மீண்டும் நனைத்தால், எப்போதும் ஈரமாகவே இருந்த மண்ணைக் காட்டிலும் மிக வேகமாக அதிலுள்ள மட்கு சிதைகிறது. பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து சட்டென்று பெருகுகிறது. மண்ணியலார் இதை இன்றும் பிர்ச் விளைவு என்றே அழைக்கிறார்கள்.

இதன் உள்விவரம் ஒரு சிறுகதைக்குரியது. நல்ல நிலத்தில் ஒரு கரண்டி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வெயிலில் மண் காயும்போது அவற்றில் ஒரு பங்கு மடிந்துபோகிறது. தப்பிப் பிழைப்பவை உறங்கிக் கிடக்கின்றன. மண்ணின் சிறு உருண்டைகளுக்குள் களித்துகள்களால் பொதியப்பட்டுப் பாதுகாப்பாக இருந்த பழைய மட்கு, உருண்டை வெடித்து உடைவதால் வெளியே வருகிறது. மழை விழுந்த சில மணி நேரத்திலேயே பிழைத்தவை விழித்து, இறந்த தம் இனத்தையும் வெளிப்பட்ட மட்கையும் உண்டு பெருகுகின்றன. அவற்றின் மூச்சாகக் கரியமிலவாயு குபுகுபுவென்று மேலே போகிறது. அவை தமக்கு மிஞ்சிய தழைச்சத்தை அம்மோனியமாக மண்ணில் விடுகின்றன. வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதைத்தான் இளம்பயிரின் வேர் உறிஞ்சுகிறது. புதுமழையின் மண்வாசனையை வியந்து எத்தனை கவிதை எழுதியிருப்போம்! அந்த வாசனைக்குக் காரணமான பொருள்களுள் ஒன்றை உண்டாக்குவனவும் மண்ணின் நுண்ணுயிர்களே. கவிதைக்கு அடியில் இப்படி ஒரு சாவும் பசியும் விருந்தும் நடந்துகொண்டிருந்தது நமக்குத் தெரியாது.

இராமநாதபுரத்துப் புழுதி விதைப்பை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். வெளியூர்க்காரருக்கு அது சூதாட்டம் போலத் தோன்றும். முதல் மழையில் வெளிப்படும் நைட்ரேட் நீரில் எளிதாகக் கரைவது. எதிர்மின்னேற்றம் கொண்டதாகையால் அதே ஏற்றமுள்ள களித்துகள் அதைப் பிடித்துவைக்காது. வாங்கிக்கொள்ள வேர் இல்லையென்றால் அடுத்த பெருமழையில் அடிமண்ணுக்குப் போய்விடும், அல்லது நீர் தேங்கிய இடத்தில் வாயுவாகி வானத்துக்குப் போய்விடும். விதை முன்பே மண்ணில் இருந்தால், அதே மழையில் முளைத்து, கைக்கெட்டியதை எடுத்துக்கொள்ளும். மழை பொய்த்தால் விதை நட்டம் என்பதும் உண்மை. இரண்டையும் சீர்தூக்கித்தான் அந்தச் சீமையின் உழவர்கள் விதைத்தார்கள்.

ஆக 1037 சொல்வது உழவர் கண்ட உண்மைதான். ஆனால் அது எப்படிப்பட்ட உண்மை? மேடைகளில் விடுபட்டுப்போவது இந்தக் கேள்வி.

காயவிட்டு நனைத்ததால் வெளிவந்த தழைச்சத்து வெயிலிலிருந்து வரவில்லை. நிலம் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மட்கிலிருந்து வந்தது. அதாவது இது வருமானம் அன்று, சேமிப்பிலிருந்து எடுத்த பணம். நம் வெப்ப நாட்டில் சேமிப்பு கரைவதற்கு அதிக நாள் பிடிக்காது. குளிர்நாட்டு மண்ணில் மட்கு மெல்லச் சிதையும். இங்கே வெப்பத்தில் அது ஓடும். நம் நாட்டு மண் ஆய்வகங்களில் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேலே இருந்தால் மிகுதி என்று வகுத்திருக்கிறார்கள். 'மிகுதி'யே முக்கால் விழுக்காடு என்றால் நம் கையிருப்பு எவ்வளவு மெல்லியது என்று தெரிகிறதல்லவா? ஒவ்வொரு கோடையிலும் உழுது காயவிட்டு, எதையும் திருப்பித் தராமல் இருந்தால், முதல் சில ஆண்டுகள் எருவின்றியே நன்றாக விளையும். பிறகு ஒருநாள் விளையாது. அதோடு ஒவ்வோர் உழவும் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை இழைகளை அறுக்கிறது. பயிரிடமிருந்து சர்க்கரையை வாங்கிக்கொண்டு, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து தரும் இழைகள் அவை. உழவு வேண்டாம் என்று இதனால் நாம் சொல்லவில்லை. உழவுக்கு ஒரு விலை இருக்கிறது என்கிறோம்.

இப்போது 1038ஐப் பாருங்கள். உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று அது தொடங்குகிறது. முன்னது எடுப்பதைப் பற்றிய குறள், பின்னது திருப்பித் தருவதைப் பற்றியது. இரண்டையும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாக வாசித்தால் மாணவியின் கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஒரு பருவத்துக்கு எரு வேண்டாம். ஆனால் நிலம் நிலமாக இருக்க எருவே உழவினும் முதன்மையானது. குறள்களின் வைப்புமுறை உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறுவது; எனவே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் வள்ளுவரே என்று சாதிக்க நாம் வரவில்லை. அவருக்கு நுண்ணுயிர் தெரியும் என்று சொல்லவும் வரவில்லை. உழவரோடு பேசியவர், அவர்கள் சொன்னதைக் கேட்டவர் என்பது மட்டும் தெரிகிறது. அவர்களிடம் இரண்டு செய்தியும் இருந்திருக்கும். 'அந்தந்த இடத்தில் அதனதைச் சிறப்பித்தல்' என்ற நம் பழைய விடை இந்த இரண்டாவது செய்தியைத் தின்றுவிட்டது.

எல்லா மண்ணிலும் இந்தக் கணக்கு ஒன்றுபோல நடப்பதில்லை. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் உள்ள களி, நீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பில் மேல்மண் உள்ளே விழும், அடுத்த மழையில் உப்பி அடிமண் மேலே தள்ளப்படும். கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்கிறது என்றால் உவமை அன்று, நடப்பதே அதுதான். அந்தக் களியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் மிகுதி. சுண்ணாம்பு, மெக்னீசியம், சாம்பல் சத்து, அம்மோனியம் ஆகியவை அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேர் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அவற்றை வாங்கிக்கொள்ளும். பண்டமாற்றுச் சந்தை போன்றது அது. செவலில் இருக்கும் களி வேறு. இரும்புத்துருவால் சிவந்தது, உப்பாது, மின்னேற்றமும் குறைவு, சந்தையில் கடைகள் சில. செவல்காட்டுக்காரருக்கு மட்கு வெறும் உணவன்று, சத்தைப் பிடித்துவைக்கும் பாத்திரமும் அதுவே. ஒரே அளவு மட்கை இழந்தால் கரிசலைவிடச் செவல் விரைவில் ஏழையாகும். கரிசல் இலக்கியம் என்று பாடத்தில் கி. ராஜநாராயணனை நடத்துகிறோம்; இடைசெவல் என்று அவர் ஊரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறோம். ஊர்ப்பெயரில் இருக்கும் செவலும் இலக்கியத்தின் பெயரில் இருக்கும் கரிசலும் இரண்டு வேறு மண் என்று நாம் ஒருமுறையாவது நின்று சொன்னதுண்டா? நம்மளவில், இல்லை.

சொற்களும் நம்மை ஏமாற்றியிருக்கின்றன. எரு என்பது மட்கியது. உரம் என்ற சொல்லுக்குப் பழைய இலக்கியத்தில் வலிமை என்று பொருள். இன்று ஊரில் உரம் என்றால் மூட்டையில் வருவது. தொழுவத்துக் குழியிலிருந்து வருவது குப்பை அல்லது எரு. வலிமையின் பெயரை மூட்டைக்குக் கொடுத்துவிட்டு, கழிவின் பெயரை மற்றதற்கு வைத்துக்கொண்டோம். இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு சிந்தனை மாற்றமும் இருக்கிறது. 1840இல் ஜெர்மானிய வேதியியலார் லீபிக், பயிர் மண்ணிலிருந்து எடுப்பது மட்கை அன்று, தாதுப் பொருள்களையே என்று எழுதினார். 1909இல் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்துகாட்டினார். 1913இல் ஒப்பாவில் தொழிற்சாலை ஓடத்தொடங்கியது. இதனால் உயிர் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானோர். அதைப் பழிப்பது நன்றிகொன்ற பேச்சு. லீபிக்கை வில்லனாக்குவதும் தவறு. நகரத்துக்குப் போன விளைச்சலின் சத்து வயலுக்குத் திரும்பாமை கொள்ளை என்று பின்னாளில் கடுமையாகச் சாடியவரும் அவரேதான். பிழை எங்கே நேர்ந்தது என்றால், சத்து என்ற ஒன்றை மட்டும் எண்ணி, அச்சத்தைப் பிடித்துவைத்துப் பங்கிடும் உயிர்க்கூட்டத்தை எண்ணாமல் விட்ட இடத்தில்.

இன்றும் அந்தக் கணக்குத்தான் நடக்கிறது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 இனங்கள் உள்ளன: தழை, மணி, சாம்பல், கந்தகம், ஐந்து நுண்சத்துகள், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமம். இவ்வளவாவது வந்ததே என்று மகிழ வேண்டும்தான். ஆனால் இந்தப் பன்னிரண்டில் உயிரை நெருங்கித் தொடுவது கரிமம் ஒன்றுதான். மண்புழு எத்தனை, மண் உருண்டை நீரில் கரைகிறதா நிற்கிறதா, நுண்ணுயிர் எவ்வளவு மூச்சு விடுகிறது என்ற கேள்விகளுக்கு அதில் கட்டம் இல்லை. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் மண்ணில் ஆண்டுக்குப் 10 டன்னுக்கு மேல் மண்புழுக்களின் உடல் வழியே கடந்து வருகிறது என்று டார்வின் 1881இலேயே கணக்கிட்டு நூலாக எழுதினார். அட்டைக்கு அது இன்னும் எட்டவில்லை. விலையும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2010இல் மற்ற உரங்களுக்குச் சத்தின் அடிப்படையில் மானியம் என்று மாற்றியபோது யூரியாவைத் தனியே விட்டுவைத்தார்கள். அதன் விலை அரசு கட்டுப்பாட்டிலேயே நின்றது. மலிவானதை மிகுதியாகப் போடுவது உழவரின் அறியாமை என்று பேசுவோரிடம் நமக்குப் பொறுமை இல்லை. பேராசிரியர்களாகிய நாம் மட்டும் மலிவாகக் கிடைப்பதை வாங்காமல் விடுகிறோமா என்ன!

அப்படியானால் நாளைக்கே மூட்டையை நிறுத்திவிடலாமா? இலங்கை அதைச் செய்து பார்த்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் சரிந்தது. அங்குள்ள தமிழ் உழவர்களும் சிங்கள உழவர்களும் ஒன்றாக அடிபட்டார்கள். எருவை ஆணையிட்டு வரவழைக்க முடியாது. மட்கு ஆண்டுக்கு ஆண்டு துளித்துளியாகச் சேர்வது. மூட்டையையே நம்பிப் பழகிய நிலத்தில் அதை ஒரே நாளில் நிறுத்தினால் நிலம் பட்டினிதான் கிடக்கும். 'எரு வேண்டாம்' என்ற குறளை மட்டும் உருவிக்கொள்ளும் மேடைப் பேச்சுக்கும் அந்த ஆணைக்கும் உறவு உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

திருப்பித் தரும் வழிகள் நம்மிடம் இல்லாமலில்லை. கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியில் ஏற்றி வயலில் அடிப்பார்கள். மழையில் மேட்டு நிலத்திலிருந்து கரைந்துபோன நயமான களியும் மட்கும் கண்மாயில் படிந்து, மறுபடி மேடேறும் பயணம் அது. அறுவடை முடிந்த நிலத்தில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவார்கள். கொழிஞ்சியும் சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவார்கள். அவற்றின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துத் தரும். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று மூடாக்கு மூடாக்கு என்று சொன்னதும் இதைச் சார்ந்ததே. வெயிலை மண்ணில் நேரே படவிடாதே என்றார் அவர். 1037க்கு நேர் எதிர்த்திசை அது, ஆனாலும் 1038க்கு உறவு. கரம்பை எடுப்பது இடையில் அனுமதிச் சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தது. 2017இல் விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு விதியைத் தளர்த்தியது. நல்ல காரியம்.

எல்லா எருவும் வயலுக்கு வந்த பொற்காலம் என்று ஒன்று இருந்ததாகவும் எண்ண வேண்டாம். 1889இல் இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் நம் உழவரின் திறத்தை மனமாரப் புகழ்ந்தார். கூடவே சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிவதையும் எழுதினார். விறகு இல்லாததால் எரிக்கிறார்கள், விறகு கிடைத்தால் வயலில் போடுவார்கள், ஆகவே விறகுக்குக் காடு வளருங்கள் என்பது அவர் பரிந்துரை. மண்ணைக் காப்பாற்ற அடுப்பைப் பார்க்கச் சொன்ன மனிதர்! உழவரைக் குறைகூறாமல் காரணத்தைத் தேடிய அந்தப் பார்வை நமக்குப் பிடித்திருக்கிறது.

கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருவிடல் ஆய்வு ஒன்று உண்டு. நாட்டின் மிகப் பழைய ஆய்வு வயல்களுள் அது ஒன்று. ஒரு பாத்திக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு மூட்டை உரம், ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை என்று தலைமுறை தலைமுறையாக அதே பாத்திக்கு அதையே தந்து பார்க்கிறார்கள். தமிழ் முதுகலை மாணவர்களைப் பூம்புகாருக்கும் கீழடிக்கும் அழைத்துச் செல்கிறோம். உழவு அதிகாரம் பாடமாக உள்ள ஆண்டில் இந்த வயலுக்கு ஒருமுறை அழைத்துப்போனால் என்ன என்று துறைக் கூட்டத்தில் கேட்டோம். அது வேளாண்மைத் துறையாரின் வேலை என்றார் ஒரு நண்பர். முதற்பொருள் யாருடைய வேலை என்று நாம் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் பழைய விடையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லி, மேலே எழுதியதை எல்லாம் ஒரு மணி நேரம் விளக்கினோம். மட்கைச் சேமிப்பு என்றும், கோடை உழவை அதிலிருந்து எடுப்பது என்றும், எருவைத் திரும்பக் கட்டுவது என்றும் கரும்பலகையில் எழுதினோம். கேள்வி கேட்ட மாணவி கவனமாக எழுதிக்கொண்டாள். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அருகில் வந்து, தங்கள் வீட்டில் இரண்டு ஏக்கர் செவல்காடு இருப்பதாகவும், சித்திரையில் அப்பா டிராக்டர் வைத்து உழுதுபோடுவார் என்றும் சொன்னாள். பிறகு, "எரு போட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும் ஐயா. தாத்தா இறந்த வருடம் மாடுகளை விற்றுவிட்டோம். அதற்கப்புறம் குப்பைக்குழியை மூடி அங்கேதான் குளியலறை கட்டியிருக்கிறோம்" என்றாள்.

அவளுக்கு என்ன விடை சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். கொழிஞ்சி விதைக்கச் சொல்லலாம். விதை எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறோம்.